விசில் கேட்கும்போது வாசலில் நிற்க வேண்டும்: மூச்சுக்கருவிக் காற்றுக் கணக்கு

6.8 லீற்றர், 300 பார் (பார் என்பது அழுத்த அலகு) சிலிண்டரை எல்லோரும் "45 நிமிடச் சிலிண்டர்" என்றுதான் சொல்வார்கள். ஒருவர் நிமிடத்துக்கு 40 லீற்றர் காற்றை இழுக்கிறார், சிலிண்டர் முற்றாகக் காலியாகும் வரை இழுக்கிறார் என்று வைத்துக்கொண்டு செய்த வகுத்தலின் விடை அது. ஆடி மாதத்துக் கச்சான் காற்றில், மத்தியான வெயிலில், திருகோணமலையின் சீனன்குடாப் பக்கத்து ஆலை ஒன்றின் இரும்புப் படிகளில் தண்ணீர் நிறைந்த ஹோஸை இழுத்துக்கொண்டு ஏறும் புதியவருக்கு அதே சிலிண்டர், காற்று குறைந்துவிட்டது என்று எச்சரிக்கும் விசில் அடிக்கும் வரை 20 நிமிடம்கூட வராது. அவருடைய நுரையீரலில் பழுது எதுவும் இல்லை. கணக்குத்தான் அவருடையது அல்ல, யாரோ ஒரு சராசரி மனிதருடையது.

நகரசபைத் தீயணைப்பிலோ துறைமுகத்திலோ எண்ணெய்த் தாங்கி முனையத்திலோ மா ஆலை, சீமெந்து ஆலைகளின் பாதுகாப்புப் பிரிவிலோ சேர்ந்து, பீ.ஏ. செட்டை, அதாவது மூச்சுக்கருவியை, முதல்முறை முதுகில் மாட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். படித்து முடித்ததும் இரண்டு எண்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, நீங்கள் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் இழுக்கிறீர்கள் என்பது. மற்றது, எந்த அழுத்தத்தில் திரும்ப வேண்டும் என்பது. மீதி எல்லாம் இந்த இரண்டையும் சரியாகப் பெறுவதற்கான வேலை.

சிலிண்டரில் உண்மையில் எவ்வளவு காற்று?

பள்ளிக்கூடக் கணக்குப்படி, சிலிண்டரின் கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்க வேண்டும். 6.8 × 300 = 2040 லீற்றர். ஆனால் 200 பாருக்கு மேலே போனால் காற்று இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. அழுத்த அழுத்த அது எதிர்த்து நிற்கும். கேஜ் (அழுத்தமானி) 300 காட்டினாலும் உள்ளே இருப்பது ஏறத்தாழ 1840 லீற்றர்தான். பத்தில் ஒரு பங்கு குறைவு. 6 லீற்றர், 300 பார் சிலிண்டரில் 1800க்குப் பதிலாக 1620 அளவில் இருக்கும். பழைய 6 லீற்றர், 200 பார் இரும்புச் சிலிண்டரில் இழப்பு மிகச் சிறிது. 1200க்கு 1160 வரும்.

இதனால் கேஜில் ஒரு விசித்திரம் தெரியும். புதியவர்கள் அதைக் கண்டு பயப்படுவதுண்டு. முதல் 50 பார், அதாவது 300இலிருந்து 250 வரை, மளமளவென்று இறங்கும். அந்த 50 பாரில் 6.8 லீற்றர் சிலிண்டர் தருவது 250 லீற்றருக்கும் சற்றுக் குறைவு. அதே சிலிண்டர் 150இலிருந்து 100க்கு இறங்கும்போது 330 லீற்றர் அளவு தருகிறது. ஒரே மாதிரி மூச்சு விட்டாலும் முள் மேலே வேகமாகவும் கீழே மெதுவாகவும் நகரும். "நான் ஏதோ அதிகமாக இழுக்கிறேன்" என்று பதறினால் உண்மையிலேயே அதிகமாக இழுக்கத் தொடங்கிவிடுவீர்கள். ஆகவே இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

வெப்பமும் கேஜில் விளையாடும். நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும். 50 பாகை செல்சியஸ் சூட்டில் 300 பார் காட்டிய சிலிண்டர், 30 பாகைக்கு ஆறியதும் 280 அளவில்தான் நிற்கும். வெயிலில் நின்ற வண்டியின் பெட்டிக்குள் பிற்பகலில் 300 காட்டியது, விடியற்காலையில் 285 அளவில் இருக்கலாம். கசிவு எதுவும் இல்லை, காற்று குளிர்ந்திருக்கிறது. பகலில் பார்த்த வாசிப்பை நம்பி இரவில் உள்ளே போக வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். 300 பார் சிலிண்டர் 270க்குக் கீழே வந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இனி 270 பாரோடு உள்ளே போய் 55 பாரில் விசில் அடிக்கும் வரை என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். காற்று எதிர்த்து நிற்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 6.8 லீற்றர் சிலிண்டரில் ஏறத்தாழ 1320 லீற்றர். நிமிடத்துக்கு 40 லீற்றர் இழுத்தால் 33 நிமிடம். 50 என்றால் 26. 70 என்றால் 19. மூச்சு வாங்கி 100ஐத் தொட்டால் 13. பழைய 6 லீற்றர், 200 பார் செட் என்றால் 40க்கு 20 நிமிடம் சொச்சம், 60க்கு 14 நிமிடம் அளவு. இந்த எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் 45 என்ற எண்ணை மனத்திலிருந்து அழித்துவிடுங்கள்.

உங்கள் எண்ணைக் கண்டுபிடித்தல்

ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது ஒருவருக்கு நிமிடத்துக்கு 8 முதல் 12 லீற்றர் போதும். செட்டோடு சமதரையில் நிதானமாக நடந்தால் 20 முதல் 30. தொடர்ந்து வேலை செய்தால் 40, 50. படியேற்றம், ஆளை இழுத்தல், கதவை உடைத்தல் எல்லாம் 60க்கு மேலே. உடற்பயிற்சி இல்லாதவரும் பயந்தவரும் 100ஐ எளிதாகத் தாண்டுவார்கள். ஒரே நிலையத்தில் ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவர் மற்றவரைப்போல ஒன்றரை மடங்கு இழுப்பது சாதாரணம். உயரம், எடை, தேகப்பயிற்சி, அன்றைய நித்திரை, குடித்த தண்ணீர், முந்தைய வாரக் காய்ச்சல் எல்லாம் இதில் சேரும். ஆகவே அளந்துதான் அறிய முடியும்.

அளக்கும் முறை எளிது. முழுத் தீயணைப்பு உடை, ஹெல்மெட், பூட்ஸ், செட் எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். காற்சட்டையும் ரீசேர்ட்டும் போட்டு அளந்த எண்ணுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. முடிந்தால் 200 பார் அளவுக்கு இறங்கியிருக்கும் சிலிண்டரில் தொடங்குங்கள். அங்கே காற்றின் எதிர்ப்புப் பிழை சிறிது, அதுவும் உங்கள் இழுப்பைக் கூட்டிக் காட்டும் பக்கம்தான், ஆகவே பாதுகாப்பானது. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்திருங்கள். பிறகு நான்கு நிமிடம் சமதரை நடை. பிறகு சுருட்டிய ஹோஸ் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி இறங்குதல், நான்கு நிமிடம். கடைசியாக, ஆளுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் பயிற்சிப் பொம்மையை 20 மீற்றர் இழுத்தல். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் வெளியே நிற்பவர் கேஜையும் நேரத்தையும் எழுத வேண்டும். செய்பவரே எழுதப் போனால் மூச்சு ஆறிவிடும்.

கணக்கு: தொடக்க அழுத்தத்திலிருந்து முடிவு அழுத்தத்தைக் கழித்து, சிலிண்டர் லீற்றரால் பெருக்கி, நிமிடத்தால் வகுக்க வேண்டும். படிக்கட்டுக் கட்டத்தில் 180இலிருந்து 140க்கு வந்தால் 40 × 6.8 = 272; நான்கு நிமிடத்துக்கு 68 லீற்றர். அந்தப் படி எண்ணைத்தான் உங்கள் எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள், நடை எண்ணை அல்ல. தீயில் யாரும் உலாவப் போவதில்லை.

இதைக் காலை ஆறு மணிக்கு ஒருமுறையும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருமுறையும் செய்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் அழுத்தமான ஆலோசனை. திருகோணமலையில் கடற்காற்றின் ஈரம் வியர்வையை உலரவிடாது. உடை உள்ளே வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும், நாடித்துடிப்பு ஏறும், மூச்சும் கூடவே ஏறும். இரண்டு அளவுகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை ஒருமுறை தன் கேஜில் கண்டவர், வெயில் நாளில் தண்ணீர் குடிக்க மறக்கமாட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளந்து, திகதியோடு குறித்து வையுங்கள்.

மாட்டுவதற்கு முன்

காற்று குறைவதற்கு எப்போதும் நுரையீரல்தான் காரணம் என்று இல்லை. கசிவும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் சோதனை மூன்று நிமிடம்தான் எடுக்கும். வேலை மாறும் ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.

முதலில் சிலிண்டர் ரெடியூசரோடு (சிலிண்டரின் உயர் அழுத்தத்தைக் குறைக்கும் பகுதி) கையிறுக்கமாகப் பொருந்தியிருக்கிறதா, இடையிலுள்ள ரப்பர் வளையம் வெடிப்பு விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். டிமாண்ட் வால்வின் (மூச்சிழுக்கும்போது மாஸ்க்குக்குக் காற்றை விடும் வால்வு) நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டுச் சிலிண்டர் வால்வைத் திறவுங்கள். அழுத்த மறந்தால் காற்று சீறிக்கொண்டு வெளியே போகும். கேஜைப் படியுங்கள். வால்வை மூடி, ஒரு நிமிடம் முள்ளையே பார்த்துக்கொண்டிருங்கள். 10 பாருக்கு மேல் இறங்கினால் அந்தச் செட்டைத் தனியே எடுத்து வைத்து அட்டை கட்டுங்கள். இறங்கவில்லை என்றால், டிமாண்ட் வால்வின் வாயை உள்ளங்கையால் பொத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடுங்கள். முள் 55க்கு அண்மையில், அதாவது 60க்கும் 50க்கும் இடையில் வரும்போது விசில் அடிக்க வேண்டும். அவசரமாகத் திறந்துவிட்டால் முள் பாய்ந்து விழும், எந்த அழுத்தத்தில் அடித்தது என்றே தெரியாது. விசில் 80இல் அடித்தால் உங்களுக்கு வேலை நேரம் குறையும். 35இல் அடித்தால் உயிருக்கு ஆபத்து. இரண்டும் பழுதுதான்.

திரும்பத் திறக்கும்போது வால்வை முழுவதும் திறவுங்கள். பாதி திறந்த வால்வு வாசலில் நிற்கும்போது நல்லபடி வேலை செய்யும். உள்ளே மூச்சு வாங்கும்போது காற்று போதாமல் மாஸ்க் முகத்தில் ஒட்டும். ஒடுக்கமான வழியில் சுவரில் உரசி அது தானாக மூடிக்கொள்வதும் உண்டு. தவழ்ந்து போகிறவர்களுக்கு இது நேரக்கூடிய விபத்து.

மாஸ்க்கில் முதலில் நாடியை (மோவாயை) வையுங்கள், பிறகு முகம். கீழ்ப்பட்டிகளை முதலில், பொட்டுப் பட்டிகளை அடுத்து, உச்சிப் பட்டியைக் கடைசியாக, தலைக்குப் பின்னால் நேராக இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் ஓரம் சுருங்கி இடைவெளி விடும். காற்று வரும் துளையை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுத்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். டிமாண்ட் வால்வை மாட்டிய பிறகு மாஸ்க்கின் ஓரத்தை ஒரு விரலால் சற்றுத் தூக்குங்கள்: காற்று வெளியே சீற வேண்டும், விரலை எடுத்ததும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ கசிகிறது.

நமது செட்டுகள் மாஸ்க்குக்குள் எப்போதும் வெளியைவிடச் சிறிது கூடிய அழுத்தத்தை வைத்திருக்கும். அதனால் ஓரம் கசிந்தால் புகை உள்ளே வருவதைவிடக் காற்று வெளியே போவதே பெரும்பாலும் நடக்கும். பலர் இதைக் கேட்டு நிம்மதியடைகிறார்கள். அந்தக் கசிவு உங்கள் நிமிடங்களைக் களவெடுக்கிறது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. பலமாக மூச்சிழுக்கும் நேரத்தில் பெரிய இடைவெளி இருந்தால் புகையும் வரும். இரண்டு நாள் வளர்ந்த முள்மயிர், தாடி, மூக்குக்கண்ணாடியின் தண்டு, ஓரத்தில் அகப்பட்ட தலைத்துணி, இவை எல்லாம் இடைவெளி விடும். கண்ணாடி தேவையானவருக்கு மாஸ்க்குக்குள் பொருத்தும் சட்டகம் உண்டு. நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். மார்க்கக் கடமையாகத் தாடி வைத்திருக்கும் சகோதரர்களை பம்ப், நீர் வழங்கல், வாசல் கணக்குப் போன்ற பொறுப்புகளில் அமர்த்துவது முறை. அவை சிறிய வேலைகள் அல்ல. வாசல் கணக்குப் பிழைத்தால் உள்ளே இருக்கிற எல்லோரும் பிழைக்க மாட்டார்கள்.

வாசலில்

வண்டியிலிருந்து குதித்து, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு 100 மீற்றர் ஓடி வாசலுக்கு வருகிறவர் உள்ளே கால் வைக்க முன்னரே நல்ல அளவு காற்றைச் செலவழித்துவிடுவார். நடந்து வாருங்கள். மாஸ்க்கையும் காற்றையும் வாசலில் நின்று மாட்டுங்கள். அங்கே அரை நிமிடம் நின்று மூச்சை ஆற்றினால் உள்ளே கூடுதல் நேரம் கிடைக்கும்.

வாசலில் கணக்குப் பலகையோடு ஒருவர் நிற்க வேண்டும். வேறு வேலை எதையும் அவரிடம் கொடுக்கக் கூடாது. பலகையில் பெயர், உள்ளே போன நேரம், போகும்போது கேஜ் வாசிப்பு, எதிர்பார்க்கும் விசில் நேரம், எந்தத் தளம் அல்லது எந்த அறை என்பன இருக்க வேண்டும். இருவருக்குக் குறையாமல் ஒன்றாகப் போகவும், ஒன்றாக வரவும் வேண்டும். இருவரின் காற்றில் குறைந்தது எதுவோ அதுதான் குழுவின் காற்று. அண்ணனுக்கு 230, தம்பிக்கு 190 என்றால் ரேடியோவில் சொல்ல வேண்டியது "குழு ஒன்று, இரண்டாம் தளம், நூற்றுத் தொண்ணூறு." இளையவர் கேட்கக் கூச்சப்படக் கூடாது, "அண்ணா, உங்கட எவ்வளவு?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. மூத்தவர் கேட்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

திரும்பும் அழுத்தம்

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. ஜேர்மன் தீயணைப்பு விதிமுறையில் ஒரு வழக்கம் உண்டு: உள்ளே போக எவ்வளவு காற்று செலவானதோ அதைப்போல இரண்டு மடங்கை வெளியே வர ஒதுக்க வேண்டும். களைப்பு, புகை, வழி தேடுதல், தூக்கி வரும் ஆள் எல்லாம் வரும் வழியில்தான் சேரும். அந்த விதியோடு விசில் அளவான 55ஐயும் தொடாத இருப்பாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறோம். அப்படிச் செய்தால் விசில் அடிக்கும் நேரத்தில் நீங்கள் வாசலில் நிற்பீர்கள்.

ஓர் உதாரணம். 280இல் உள்ளே போகிறீர்கள். தீ இருக்கும் இடத்துக்குச் சேரும்போது 240. செலவு 40. வர 80, இருப்பு 55, கூட்டினால் 135. இருவரில் யாருடைய முள் முதலில் 135ஐத் தொட்டாலும் இருவரும் திரும்ப வேண்டும். வேலைக்குக் கிடைப்பது 240இலிருந்து 135 வரை. நிமிடத்துக்கு 60 லீற்றர் என்றால் பத்து நிமிடம் அளவு.

இன்னொன்று. உட்துறைமுகத்தில் கட்டியிருக்கும் கப்பல் ஒன்றின் இயந்திர அறை. மேல்தளத்திலிருந்து செங்குத்தான ஏணிகளில் மூன்று தட்டு இறங்க வேண்டும். 280இல் போய், கீழே சேரும்போது 220. செலவு 60. வர 120, இருப்பு 55, மொத்தம் 175. வேலைக்கு மிஞ்சுவது 45 பார்தான். அது 260 லீற்றர் அளவு, 60 லீற்றர் வேகத்தில் நான்கு நிமிடம் சொச்சம். நான்கு நிமிடத்தில் என்ன செய்யலாம் என்று மேல்தளத்தில் நின்று தீர்மானிக்க வேண்டும், கீழே போய் அல்ல. பல தடவை கிடைக்கும் நேர்மையான விடை, இந்த வழியால் போகக் கூடாது என்பதுதான். அல்லது இரண்டாம் குழு ஹோஸையும் விளக்கையும் முன்கூட்டியே பாதிவழியில் வைத்த பிறகு போகலாம் என்பது.

கப்பலில் இன்னொரு பொறி உண்டு. கட்டடத்தில் மேலே ஏறிப் போய் இறங்கி வருகிறோம். போகும் வழிதான் கடினம். கப்பலிலும் நிலக்கீழ் அறைகளிலும் இது தலைகீழ். இறங்கிப் போகும்போது செலவு குறைவாகத் தெரியும், ஏறி வரும்போதுதான் உடம்பு கேட்கும். வெப்பமும் மேலேதான் எழும்பி வரும், நீங்கள் அதற்கு எதிரே ஏறுகிறீர்கள். இரண்டு மடங்கு என்ற விதியைக்கூட இங்கே குறைந்தபட்சமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கி ஏறும் பயிற்சியில் ஏற்றத்துக்கு மட்டும் எவ்வளவு போகிறது என்று தனியாக அளந்து, இரண்டு மடங்கோடு ஒப்பிட்டு, எது பெரிதோ அதை ஒதுக்குங்கள்.

எண்ணெய்த் தாங்கி முற்றத்தில் வேறு வகை. அங்கே தூரம் பரந்தது, பெரும்பாலும் வெளி. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்த தாங்கியின் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் ஒருமுறை பற்றினால் நிமிடக் கணக்கில் முடியாது என்பதற்கு அது சாட்சி. இப்படியான இடத்தில் சிலிண்டர் மாற்றும் ஒழுங்கு, ஆள் மாற்றும் ஒழுங்குதான் கதி. மாற்றுச் சிலிண்டர்களைக் காற்றின் மேற்பக்கம், நிழலில் வையுங்கள்.

உள்ளே மூச்சு

காற்றைச் சேமிக்க மூச்சை அடக்காதீர்கள். ஒரு மூச்சை விட்டு அடுத்த மூச்சைத் தவிர்க்கும் பழக்கத்தைச் சிலர் தந்திரமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். உடம்பில் கரியமிலவாயு தேங்கும், தலையிடிக்கும், புத்தி மங்கும், சற்று நேரத்தில் உடம்பே பலவந்தமாக வேகமாக இழுக்கத் தொடங்கும். சேமித்ததைவிட அதிகம் போகும்.

உதவுவது மெதுவான வெளிமூச்சு. சாதாரணமாக இழுத்து, வாயை மூடியபடி "ம்ம்ம்" என்று மெல்ல முனகிக்கொண்டு விடுங்கள். முனகும்போது காற்றை ஒரேயடியாகத் தள்ள முடியாது, தானாகவே மூச்சு நீளும். இதைப் பயிற்சியில் பழகியிருந்தால்தான் உள்ளே வரும். வீட்டில் படுத்திருக்கும்போதே பழகலாம்.

வேலையைத் துண்டு துண்டாகச் செய்யுங்கள். ஹோஸை ஐந்து மீற்றர் இழுத்தால் நின்று இரண்டு மூச்சு. இருவரில் ஒருவர் பலமான வேலை செய்யும்போது மற்றவர் வெளிச்சம் பிடித்து, வழி பார்த்து, கேஜைப் படிக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். இருவரும் ஒரேயடியாக முட்டிமோதினால் இருவருடைய காற்றும் ஒன்றாகத் தீரும். தேவையற்ற பேச்சும் காற்றுத்தான்.

முகக்கண்ணாடி மங்குகிறது என்று பைபாஸை (மாஸ்க்குக்குள் காற்றைத் தொடர்ந்து விடும் அவசரத் திறப்பு) திறந்து ஊதுவது கெட்ட பழக்கம். பைபாஸைத் தேவைக்கு மேல் திறந்து விட்டால் நிமிடக் கணக்கில் இருந்த காற்று விநாடிக் கணக்கில் போகும்.

விசில் அடித்தால்

55 பாரில் 6.8 லீற்றர் சிலிண்டரில் இருப்பது 375 லீற்றர் அளவு. 70 லீற்றர் இழுக்கிறவருக்கு ஐந்து நிமிடம் சொச்சம். விசிலும் அதில் கொஞ்சத்தை எடுக்கும். கூட இருந்தவரின் விசில் அடித்தாலும் நீங்கள் இருவரும் வெளியே வருகிறீர்கள். "நீங்க போங்க, நான் வாறன்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

வழி தவறினால் உடனே ரேடியோவில் சொல்லுங்கள். இன்னும் கொஞ்சம் தேடிப் பார்க்கலாம் என்று வெட்கத்தில் காலம் கடத்துவதுதான் ஆட்களைக் கொல்கிறது. எந்தத் தளம், எந்தப் பக்கம், கேஜ் எவ்வளவு, இருவர் எப்படி இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, உடுப்பில் உள்ள அபாய ஒலிப்பானைக் கையால் இயக்குங்கள். தரையோடு தரையாகப் படுத்து ஹோஸைத் தேடுங்கள். ஹோஸ் கிடைத்தால் இணைப்பு வரும் வரை தடவிப் போங்கள். நாம் பயன்படுத்தும் பிரித்தானிய வகை இணைப்பில், கழற்றுவதற்கான சிறு காதுகள் உள்ள பகுதி பம்ப் பக்கம் இருக்கும். மழமழப்பான பகுதி தீயின் பக்கம். காது இருக்கும் பக்கமாகத் தவழ்ந்தால் வெளியே வருவீர்கள். கையுறையோடு, கண்ணைக் கட்டிக்கொண்டு, உங்கள் நிலையத்து ஹோஸிலேயே இதைப் பகலில் இருபது தடவை செய்து பார்த்திருக்க வேண்டும்.

காற்று திடீரென்று நின்றால் முதலில் கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சிலிண்டர் வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பைபாஸ். புகைக்குள் மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம். பயத்தில் கை தானாக அங்கே போகும் என்பதால்தான் இதைத் தனியே சொல்கிறோம்.

வெளியே வந்த பிறகு

செட்டைக் கழற்றி, ஜக்கெட்டைத் திறந்து, நிழலில் உட்காருங்கள். இரண்டு 30 நிமிடச் சிலிண்டர் அல்லது ஒரு 45 நிமிடச் சிலிண்டர் முடிந்ததும் குறைந்தது 20 நிமிட ஓய்வு என்பது அமெரிக்க வழிகாட்டல். நமது வெயிலில் சிலிண்டர் எதுவானாலும் ஒன்று முடிந்ததும் அந்த 20 நிமிடத்தைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். கைகளை முழங்கை வரை குளிர்ந்த தண்ணீரில் வைத்திருப்பது உடல் வெப்பத்தை நன்றாக இறக்கும். ஒரு வாளி போதும். களைத்த நிலையில் இரண்டாம் சிலிண்டரோடு போகிறவரின் எண் முதல் சிலிண்டரின் எண்ணாக இருக்காது. பலகையில் இருப்பவர் அதைக் கூட்டி எழுத வேண்டும்.

நிரப்பும் இடத்தைப் பற்றி இரண்டு விடயம். கொம்பிரசர் காற்றை இழுக்கும் குழாய் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பவுசர்களும் லொறிகளும் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் முற்றத்துப் பக்கம் இருந்தால் அந்தப் புகை சிலிண்டருக்குள் போகும். ஐரோப்பியத் தரத்தில் சுவாசக் காற்றில் கார்பன் மொனொக்சைட் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எண்ணெய் கன மீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கடற்கரை ஈரத்தில் வடிகட்டிகள் வறண்ட ஊர்களைவிட விரைவாக நனைந்து பயனிழக்கும். மாரி மாதங்களில் கொம்பிரசர் ஓடிய மணிக்கணக்கை மட்டும் நம்பாமல் ஈரம் காட்டும் குறியையும் பாருங்கள். ஈரம் உள்ளே போனால் இரும்புச் சிலிண்டரின் அடியில் துரு பிடிக்கும், அந்தத் துருத்தூள் ரெடியூசரை அடைக்கும்.

நிரப்பும் வேகம் நிமிடத்துக்கு 30 பாருக்கு மேல் வேண்டாம். வேகமாக நிரப்பினால் சூடேறி, ஆறியதும் குறைந்து நிற்கும். திரும்ப ஒருமுறை நிரப்ப வேண்டிவரும். உப்புக்காற்று பட்ட செட்டை நன்னீரால் துடைத்து, பித்தளைத் திருகுகளை உலர்த்தி, சிலிண்டரின் அழுத்தச் சோதனைத் திகதியைப் பாருங்கள். மாஸ்க்கை மிதமான சவர்க்கார நீரில் கழுவி, வெயிலில் அல்லாமல் நிழலில் காய வையுங்கள். வெயிலில் காய்ந்த ரப்பர் ஓரம் விறைத்து, அடுத்த தடவை முகத்தோடு ஒட்டாது. ஆறிய பிறகு கேஜைப் படித்து, அட்டையில் அந்த எண்ணை எழுதிக் கட்டிவிட்டு, வண்டிப் பெட்டியில் வையுங்கள்.